இரண்டு பியோனித் தடிகள்

மகள் சாமான் வாங்கக் கடைக்குள் போயிருந்தாள். நானும் என் கணவரும் வாசலுக்கு வெளியே நின்றோம். அங்கே ஒரு மேசையில் வெயிலில் நிறம் மங்கிய பெட்டிகள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு சிவப்புப் பூவின் படம். பழைய விலையை வெட்டி, மலிவு விலை எழுதி ஒட்டியிருந்தார்கள். அவர் ஒன்றைத் திறந்து பார்த்தார். உள்ளே மரத்தூளுக்குள் ஒரு தடியும் தடித்த வேரும் இருந்தன.

“இஞ்சாரும், படம் பூவுக்கு, சாமான் விறகுக்கு,” என்றார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மகள் வந்தபோது ஆளுக்கு ஒரு பெட்டியோடு நின்றோம்.

“அம்மா, உது செத்த தடி. படத்தைப் பாத்து ஏமாறாதேங்கோ.”

“கிடக்கட்டும் பிள்ளை. செத்தால் நாங்கள் உன்னிட்டை வந்து அழமாட்டம்,” என்றார் அவர்.

அவள் பெட்டியின் மேலே இருந்ததை மட்டும் வாசித்து, மரப் பியோனி என்றாள். பூக்க மூன்று நாலு வருசம் செல்லுமாம். மிச்சம் சின்ன எழுத்து, அவளுக்கு அவசரம்.

நாங்கள் அப்போது ஒரே வீட்டில் இருக்கவில்லை; அன்று மகன் அவரை ஒரு பகலுக்கு மகள் வீட்டில் விட்டுப் போயிருந்தான். ரொறன்ரோவுக்கு வந்து இறங்கிய அன்றே, விமான நிலையத்தில் அவருடைய பெட்டி மகனின் காரிலும் என்னுடையது மகளின் காரிலும் ஏறிவிட்டன. மகன் மிசிசாகாவில் தொடர்மாடியில் இருந்தான். பள்ளிக்கூடம் விட்டுவரும் பிள்ளைகளுக்குக் கதவு திறந்துவிட ஆள் வேண்டும். ஸ்காபரோவில் மகளுக்குக் கைக்குழந்தை. கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொன்னார்கள். பிள்ளைகள் கெடுதலாக ஒன்றும் செய்யவில்லை. எங்களைக் கனடாவுக்குக் கூப்பிட எவ்வளவு பாடுபட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கொஞ்ச நாள் வருசமாகிவிட்டது. பிறந்தநாள் விழாக்களில் சந்தித்துக்கொள்வோம். அங்கேயும் அவர் ஆம்பிளைகளின் மேசையில், நான் பெண்களின் மேசையில்.

அவரோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதை எந்த வாயால் கேட்பது? தலை நரைத்த பிறகு புருசனோடு இருக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் கேட்டால், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அவரும் கேட்கவில்லை. அவருடைய வெட்கம் என்னுடையதைவிடப் பெரிது.

தடி வாங்கிய அன்று பின்னேரம் மகள் வீட்டின் பின்பக்கம் புல்லை வெட்டி இரண்டு குழி கிண்டினோம். எங்கள் இருவருக்கும் தோட்ட வேலை பழக்கமில்லை. அவர் சங்கக்கடையில் கணக்குப் பார்த்தவர். ஊரில் நாங்கள் வைத்தது ஒரேயொரு ஒட்டு மாங்கன்றுதான். ஆனாலும் ஒட்டுக் கன்றைப் பற்றி எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஒன்று தெரியும்: ஒட்டிய இடம் மண்ணுக்குள் போகக்கூடாது. இந்தத் தடியிலும் வேருக்கு மேலே ஒட்டிய முடிச்சு இருந்தது.

“முடிச்சு மேலை நிக்கோணும். வடிவாப் பாரும்,” என்றார்.

“நிக்குது. நீங்கள் மண்ணைப் போடுங்கோ.”

இரண்டாவது குழியை மூடும்போதே மகன் வந்து முன்னால் ஹோர்ன் அடித்தான். அவர் கைகூடச் சரியாகக் கழுவவில்லை.

மகள் வீட்டில் ரெலிபோன் குசினிச் சுவரில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. பேசுவது எல்லோருக்கும் கேட்கும். அதனால் முன்பெல்லாம் “சாப்பிட்டாச்சோ”, “குளிரோ” என்பதோடு வைத்துவிடுவோம். கன்றுகள் வந்த பிறகு பேச ஒரு விசயம் கிடைத்தது. இலை விட்டதா, எத்தனை, என்ன நிறம் என்று கேட்பார். நானும் ஒவ்வொன்றாகச் சொல்வேன்.

“அப்பாவோடை என்னம்மா இவ்வளவு நேரம்? லவ்ஸோ?” என்று மகள் பகிடி பண்ணினாள். எனக்குக் கழுத்து வரைக்கும் சூடு ஏறியது. அடுத்த இரண்டு தரமும் அவர் ரெலிபோன் எடுத்தபோது குளிக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

பக்கத்து வீட்டில் என் வயதுச் சீன மனுசி ஒருத்தி இருந்தாள். அவள் வேலிக்கரையில் இதே சாதி மரம் ஒன்று நின்றது. ஒருநாள் காலை போய்ப் பார்த்தால், என் கன்றுகளின் அடியில் மண் குவிந்திருந்தது, முடிச்சுத் தெரியவில்லை. நான் கையால் வழித்து எடுத்தேன். மறுநாள் திரும்பவும் குவிந்திருந்தது. அவள் வேலிக்கு மேலால் எட்டி, “டவுன், டவுன்,” என்று தன் முழங்கையைத் தொட்டுக் காட்டினாள். நான் தலையாட்டிவிட்டு, அவள் உள்ளே போனதும் திரும்ப வழித்தேன்.

“அந்த மனுசிக்கு எங்கடை பூங்கண்டிலை என்ன கண்?” என்று அவர் ரெலிபோனில் பொரிந்து தள்ளினார். “நீர் விடாதையும்.”

நான் விடவில்லை. கடைசியில் அவள்தான் விட்டுவிட்டாள்.

அந்த வின்ரர் கடுமையாக இருந்தது. அவரோ வரவரப் பேச்சைக் குறைத்தார். வெள்ளைப் பனிக்குள் கன்றைப் பற்றி என்னதான் கேட்பது? அப்பா சாப்பாட்டைப் பாதியில் வைக்கிறாராம், யன்னலுக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறாராம் என்று மகன் மகளுக்குச் சொன்னான். மகள் எனக்குச் சொன்னாள்.

“குளிருக்கு எல்லாருக்கும் உப்பிடித்தான் அம்மா. வெயில் வரச் சரியாகிடும்.”

நான் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றேன். குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டேன்.

பனி கரைந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு தடி கறுத்து, தொட ஒடிந்தது. ஆனால் அதன் அடியிலிருந்து புதுத் தளிர்கள் வந்திருந்தன. மற்றத் தடி நுனி கருகி, முடிச்சருகில் ஒரு சின்ன மொட்டோடு நின்றது. எனக்குச் சந்தோசம். அவருக்குச் சொன்னேன்; அவரும் குரல் தெளிந்து பேசினார்.

தளிர் இலையானபோதுதான் விளங்கியது. பக்கத்து வீட்டு மரம் சிவப்பாகப் பூத்து நின்றது. அந்த மனுசி தன் மரத்தின் இலை ஒன்றைக் கிள்ளிவந்து, என் கன்றின் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவளுடையது கிளை கிளையாகப் பிரிந்தது. என்னுடையது வேறு சாதி. ஒட்டிய தடி குளிரில் செத்துவிட்டது, வளர்வது அடிவேரின் செடி. மற்றக் கன்றைக் காட்டித் திரும்பவும் முழங்கையைத் தொட்டாள். இந்த ஊரில் முடிச்சு மண்ணுக்குள்ளே, ஆழத்தில் இருந்தால்தான் பிழைக்கும். ஊரில் சரியாக இருந்தது இங்கே கன்றைக் கொன்றுவிட்டது.

அவரிடம் சொன்னேன்.

“அப்ப மற்றதைக் கிளப்பி ஆழமா வைக்கவேணும்.”

“இலை உதிரிற காலத்திலைதான் கிளப்பலாமெண்டு அந்த மனுசி கையாலை காட்டினவ.”

“நான் வந்து வைக்கிறன்.”

நான் ரெலிபோனை வைத்ததும் மகள் கேட்டாள். “உதுக்கு அப்பா ஏனம்மா? உங்கடை மருமகன் ஒரு சனிக்கிழமை கிண்டித் தருவார்.”

“இல்லைப் பிள்ளை. வைச்சவர்தான் கிளப்பவேணும்.” அப்படி ஒரு முறை எங்கும் கிடையாது. என் வாயில் வந்தது அவ்வளவுதான்.

இலை பழுக்கும் காலத்தில், ஒரு கிழமைக்கென்று மகன் அவரைக் கொண்டுவந்து விட்டான். உடுப்பு தோளில் தொங்கியது; அப்படி மெலிந்திருந்தார். குழியை மெல்ல மெல்லக் கிண்டினோம். முழங்கை ஆழம் வந்த பிறகும், காணாது, இன்னும் ஆழம் வேணும் என்று அவர் சொல்ல, காணாதுதான் என்று நான் சொன்னேன். கன்றை வைத்து மூடினோம். பிறகு, செத்ததன் வேரையும் எடுக்க வேண்டும் என்றார். அது பெரிய வேராம். ஒரு கிழமை முடிந்தது. மகன் எடுத்தபோது வேலை முடியவில்லை என்றேன். அடுத்த கிழமையும் அதையே சொன்னேன்.

மகள் பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

“அம்மா, அங்கை அண்ணி வேலைக்கு லீவு போட்டுட்டு நிக்கிறா. அண்ணா கத்துறான். உந்தக் கிடங்கை எவ்வளவு நாளைக்குக் கிண்டப்போறியள்?”

அவர் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்:

“கிடங்கு முடிஞ்சுது பிள்ளை. எனக்கு உன்ரை அப்பா இஞ்சை இருக்கவேணும்.”

அவள் இந்த முறை பகிடி பண்ணவில்லை. உள்ளே போனாள். கதவுக் கண்ணாடிக்கு அப்பால் ரெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு, நெற்றியைச் சுவரில் சாய்த்து நின்றாள். என்ன பேசினாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை.

“சொல்லிப்போட்டீர்,” என்றார் அவர்.

“ஓம்.”

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

அவர் எங்களோடு நின்றுவிட்டார். மருமகள் வேலையைப் பாதி நேரமாக்கினாள். மகன் தைப்பொங்கல் வரைக்கும் என்னோடு பேசவில்லை. ரெலிபோன் எடுத்தால் “தங்கச்சியிட்டைக் குடுங்கோ” என்பான். நானும் கொடுத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் போய் இருப்பேன்.