மோர்மன் பையன்களும் எதிர்வீட்டு எமனும்

இன்று காலை அமெரிக்காவின் பிளானோவில், என் வீட்டு வாசலில், ஒரு மகாயுத்தம் நடந்தது.

வீடு வீடாக மதம் பேச வரும் இரண்டு மோர்மன் பையன்கள், வெள்ளைச் சட்டையும் டையுமாக வந்து பெல் அடித்தார்கள். ஒருவன் பிரேசில்காரன், இன்னொருவன் யூட்டா மாநிலத்துக்காரன்.

நான் வெளியே வந்து "நோ தேங்க்ஸ்" சொல்வதற்குள், எதிர்வீட்டு நாய் வேலியை உடைத்துக்கொண்டு பாய்ந்தது. நாயா அது? கன்றுக்குட்டி சைஸில் ஓர் எமன்! பிரேசில் பையனின் கெண்டைக்காலைக் கவ்விக் குதறியது. புல்தரையெல்லாம் ரத்தம்.

"நீயாவது உள்ள ஓடிடுப்பா!" என்று மற்றவனைப் பார்த்து ஆங்கிலத்தில் கத்தினேன்.

"முடியாது சார்! கூட வர்ற கம்பேனியனைத் தனியா விடக்கூடாதுங்கறது எங்க ரூல்" என்றவன், நாயின் வாய்க்குள் கையை விட்டுத் தாடையைப் பிளந்தான். அவன் கையும் கிழிந்தது.

எனக்கே வெட்கமாகி, வாசலில் சாத்தியிருந்த தரை துடைக்கும் மாப்பைத் தூக்கிக்கொண்டு குதித்தேன். நாயின் முதுகில் கட்டை சுக்குநூறானது. எமன் ஓடினான்.

"தையல் போட்டா சரியாயிடும், கால் தப்பிச்சது" என்றது ஆம்புலன்ஸ்.

அவர்களை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தால் என் வீட்டுக் கதவு உள்பக்கம் பூட்டியிருக்கிறது!

"நாய் நிஜமாவே போயிடுச்சான்னு நல்லா பாத்துட்டுச் சொல்லுங்க, திறக்கறேன்" என்றாள் என் மனைவி, டோர்பெல் கேமரா வழியாக.

அந்தக் கம்பேனியன் ரூலைக் கல்யாண மந்திரத்தில் சேர்க்க எங்கே அப்ளை பண்ணணும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் இன்னும் வாசலில்தான் நிற்கிறேன்.