குழலியின் ஒற்றை விரல்

வாசலில் யார் வந்து நின்றாலும் குழலி திரும்பிப் பார்ப்பதில்லை. ஆள்காட்டி விரலைத் தலைக்கு மேல் உயர்த்துவாள், அவ்வளவுதான். ஒரு நிமிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று பொருள். காஸ் கொண்டு வருபவர் சிலிண்டரைத் தோளில் சுமந்தபடியே நிற்பார். அவளுடைய இன்னொரு கையில் போன், அதில் ஓடும் நொடிகள். கண் இரண்டும் மடியில் தூங்கும் பிள்ளையின் வயிற்றில். "நாப்பத்தி ஒம்போது" என்று முணுமுணுத்து விரலை இறக்கிய பிறகுதான் வந்தவருக்கு "வாங்க" கிடைக்கும்.

முழுப் பெயர் ஏலவார்குழலி. பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறி வீடு. கணவன் உமாபதி நெய்கிறான், அவள் ராட்டினத்தில் நூல் சுற்றித் தருகிறாள். பிள்ளை குமரகுருவுக்கு நான்கு மாதம். இரண்டாம் மாதத்தில் சென்னையில் இதய ஆபரேஷன் நடந்தது. இதயம் சரியாகிவிட்டது. ஆனால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சை இழுக்கும் தசை, பாடப்புத்தகத்தில் உதரவிதானம் என்று படித்தோமே, அது இடது பக்கம் அசையாமல் படுத்துவிட்டது. அதற்குப் போகும் நரம்பில் ஆபரேஷனின்போது அடிபட்டிருக்கிறது. சில குழந்தைகளுக்கு இப்படி ஆவதுண்டாம். தானாகத் தேறலாம். தேறாவிட்டால் மேலே ஏறிக் கிடக்கும் அந்தத் தசையை இழுத்துத் தைக்க இன்னொரு ஆபரேஷன். வருகிற வியாழக்கிழமை ஸ்கேனில் தெரிந்துவிடும்.

அதுவரை சளி பிடிக்கக் கூடாது. மல்லாக்கப் போடக் கூடாது, தலையும் நெஞ்சும் உயர்ந்தே இருக்க வேண்டும். பால் கொஞ்சம் கொஞ்சமாக. தூங்கும்போது மூச்சை எண்ண வேண்டும், அறுபதைத் தாண்டினால் உடனே வண்டி ஏற வேண்டும். தறிக்குப் பக்கத்தில் உமாபதி ஆசையாகக் கட்டிய தூளியை, டாக்டர் சொன்ன அன்றைக்கே அவள் அவிழ்த்து எறிந்துவிட்டாள். தூளியில் பிள்ளை சுருண்டால் வயிறு மடங்கும்.

இதையெல்லாம் தெருவுக்கு விளக்கி விளக்கி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "ஹார்ட்டு சரியாயிடுச்சின்னா அப்புறம் ஏம்மா மூச்சி வாங்குது?" என்று புதிதாக ஒருவர் வந்து கேட்பார். "தறியில ரெண்டு மிதி இருக்குது இல்ல? ஒரு மிதியோட கயிறு நைஞ்சி போச்சின்னா, எவ்ளோ மிதிச்சாலும் அந்த இழை எழும்புமா?" என்பாள். எழும்பாது என்று தலையாட்டுவார்கள். ஆட்டிவிட்டு, "எதுக்கும் ஓமத் தண்ணி குடுத்துப் பாரு" என்பார்கள். குழலிக்குப் பற்றிக்கொண்டு வரும். கோயில் திருநீற்றை நெற்றியில் இட்டு, இருமலோடு சேர்த்துப் பிள்ளையின் முகத்தில் ஊத வருகிறவர்களை என்ன செய்வது? கையைத் தட்டிவிட்டால் திமிர் பிடித்தவள் என்று பெயர்.

அவளும் ஒருமுறை அசடு வழிந்திருக்கிறாள். ஒரு மத்தியானம் எண்ணினால் எழுபத்திரண்டு. மறுபடியும் எழுபத்திரண்டு. அலறிப் புடைத்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே நர்ஸ் எண்ணினால் நாற்பத்தாறு. திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. பக்கத்து வீட்டு ராஜவேலுவின் தறி தட்டுகிற தட்டுக்கு இவள் எண்ணியிருக்கிறாள். அன்று முதல் அவர் வீட்டு ஜன்னலுக்கும் விரல் நீளும். ராஜவேலு புலம்பிக்கொண்டே தறியை நிறுத்துவார்.

சென்ற திங்கட்கிழமை நாத்தனார் சங்கரி ஒரு காரியம் செய்தாள். தாமலில் இருந்து அங்கம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அங்கம்மாள் குடல் தட்டுவதில் பேர் எடுத்தவள். பிள்ளையை மல்லாக்கப் போட்டு, விளக்கெண்ணெய் தடவி, வயிற்றை நீவித் தட்டுவாள். மேலே ஏறிய குடல் இறங்கிவிடும் என்று சுற்றுவட்டாரத்தில் நம்பிக்கை. வாசலில் குழலியின் விரல் இறங்கும்வரை நின்றவள், உள்ளே வந்த வேகத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிவிட்டாள்.

"அண்ணி! இத்தினி நாளா நான் யாருக்குச் சொல்லிக்கினு இருந்தேன்? செவுத்துக்கா?" என்றாள் குழலி.

"இப்ப நான் இன்னா கெட்டது பண்ணிட்டேன்? நம்ம வூட்டுப் பசங்க எல்லாம் குடல் தட்டித்தானே வளந்துது?" என்றாள் சங்கரி. "வியாழக்கிழமை ஸ்கேன் பாத்துட்டு மறுபடியும் கத்தி வெக்கறதுக்கு முன்னாடி ஒருவாட்டி தட்டிப் பாக்கட்டுமே."

அவளுக்கும் பயம்தான். அந்தப் பயம்தான் குழலியின் கோபத்தை இன்னும் கிளறிவிட்டது. ஒரு தட்டில் இரண்டு மாதப் பாடு வீணாகிவிடும். துரத்தினாலும் பயனில்லை, நாளைக்கு இன்னொருத்தியைக் கூட்டி வருவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு போய் அங்கம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் முந்தானையால் அவள் கையை அழுத்தித் துடைத்தாள். அதை எடுத்து, தன் மடியில் சாய்ந்து தூங்கும் பிள்ளையின் வயிற்றின் மேல் பூப்போல வைத்தாள்.

"தட்டாதக்கா. அமுக்காத. சும்மா வெச்சிப் பாரு."

அங்கம்மாளின் கை அங்கேயே இருந்தது. மூச்சு உள்ளே போகும்போது வலது பக்கம் எழும்பியது, இடது பக்கம் குழிந்தது. மறுபடியும் அதே. அவள் நெற்றி சுருங்கியது. எத்தனை நூறு வயிறுகளைத் தொட்ட கை அது. மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"இது குடல் இல்லம்மா" என்றாள். "நான் பாட்டுக்குத் தட்டியிருந்தா..."

குழலிக்கு அழுகை முட்டியது. ஆனால் பிள்ளை அசந்து தூங்குகிற நேரம் அது, விட்டால் கிடைக்காது. மூக்கை உறிஞ்சிவிட்டுப் போனை எடுத்து நொடியை ஓடவிட்டாள்.

"அதில்லக்கா, எண்ணெயாச்சும் தடவிட்டு..." என்று பின்னாலிருந்து சங்கரி ஆரம்பித்தாள்.

அங்கம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. பிசுக்குப் போகாத விரல் ஒன்றைத் தலைக்கு மேல் உயர்த்தினாள்.