எண்ணெயில் தெரிந்த ராஜா

நோட்டீஸை யாராவது எண்ணெய் தடவிப் படிப்பார்களா? போன வாரம் குற்றாலத்தில் படித்தார்கள் ஸார்... படித்துவிட்டு ஓடியும் வந்தார்கள்!

சாரல் சீசனுக்கு ஒரு நாடகக் கம்பெனி வந்து கொட்டகை போட்டிருக்கிறது. முதலாளி கனகாம்புஜம் அம்மாள். ராஜபார்ட் வேஷமும் அவர்தான். பிரமாதமாக நடிக்கிறார். பார்க்கத்தான் ஆள் இல்லை.

"சனிக்கிழமையும் கொட்டகை காலியாக் கெடந்தா கம்பெனியக் கலைச்சிருவேன். நீங்க பத்திரிகையில எழுதுதவரு... நல்லதா ஒரு நோட்டீஸ் எழுதித் தாங்க" என்றார் என்னிடம்.

கேட்க வேண்டுமா? அடைமொழிகளை அள்ளி வீசினேன். தென்காசியில் அச்சகம் வைத்திருக்கும் என் சிநேகிதர் சங்கரலிங்கம் முணுமுணுத்துக்கொண்டே அச்சிட்டார். யுத்த காலம், காகிதம் குதிரைக்கொம்பு. கிடைத்த சன்னமான தாளில் இரண்டு பக்கமும் எழுத்தை நிரப்பினோம்.

மறுநாள் காலை அருவிக்கரையில் நின்று நாங்களே விநியோகித்தோம். ஒன்றை மறந்துவிட்டோம் – குற்றாலத்தில் எவன் காய்ந்த கையோடு இருக்கிறான்? அருவிக்குப் போகுமுன் உடம்பெல்லாம் எண்ணெய். வாங்கிய கையிலேயே தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. முன்பக்க எழுத்தும் பின்பக்க எழுத்தும் கட்டிப் புரண்டன.

"என்னவே இது, பூரான் ஓடுத மாதிரி இருக்கு?" என்று துண்டு கட்டிய ஒருவர் தாளை என்னிடமே திருப்பித் தந்தார்.

எனக்கு அழுகையே வந்தது. கசக்கி எறியப் போனவன், ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பின்பக்கம் அலங்காரத்துக்கு அச்சான பூ ஒன்று, முன்பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் வந்து கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

அவ்வளவுதான். ஜட்கா பிடித்துத் தென்காசிக்குப் பறந்தேன்.

"வே, என் எழுத்து எதுவும் வேண்டாம். தூக்கிப் போடும்!"

"நீரா சொல்லுதீரு?" சங்கரலிங்கம் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

பூ பார்டர் அச்சுத் துண்டுகளை அடுக்கி முன்பக்கத்தில் ஓர் அரண்மனை வாசல் செய்தோம். வாசலில் யாரும் இல்லை. கீழே பெரிய எழுத்தில், 'ராஜா எங்கே? எண்ணெய் தடவிப் பாருங்கள். சனி இரவு கொட்டகைக்கு வாருங்கள்.' பின்பக்கத்தில் அச்சகத்தில் தூசி படிந்து கிடந்த பிளாக்கிலிருந்து ஒரு ராஜா படம் – வலது கையில் வாள், முறுக்கிய மீசை. வாசலுக்குள் ராஜா சரியாக வந்து நிற்கும்வரை சங்கரலிங்கம் விடவில்லை.

வெள்ளிக்கிழமை அருவிக்கரையில் ஒரே அமர்க்களம்!

"ஏலே, ராசா வந்துட்டாருலே! இங்கன பாரு!"

குளித்துத் தலை துவட்டியவர்கள்கூட, எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் திரும்ப வந்து ஒரு சொட்டுக்குக் கை நீட்டினார்கள். பக்கத்து வடகரைக்காரர்கள் ஊரில் காட்ட வேண்டுமென்று இன்னொன்று கேட்டு வாங்கிப் போனார்கள்.

சனிக்கிழமை கொட்டகையில் நிற்கவும் இடமில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வலது கையில் வாளோடு கனகாம்புஜம் அம்மாள் மேடைக்கு வந்தார். உடனே தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல்.

"ராசாவுக்கு இடது கைல்லா! நோட்டீஸ்ல பாத்தோம்லா!"

பின்பக்கத்துப் படத்தை முன்பக்கமாகப் பார்த்தால் கை மாறத்தானே செய்யும்? நானும் சங்கரலிங்கமும் அதை யோசிக்கவே இல்லை.

அம்மாள் குரல் வந்த பக்கம் பார்த்தார். பிறகு நிதானமாக வாளை இடது கைக்கு மாற்றிக்கொண்டு மீசையை முறுக்கினார். கைதட்டலில் கொட்டகை அதிர்ந்தது. கம்பெனியைக் கலைக்கிற பேச்சு அன்றோடு போயிற்று. சீசன் முடியும்வரை இங்கேதானாம்... ராஜா இனி இடது கைதானாம்!

இத்தனை வருஷமாக எழுதுகிறேனே – என் அடைமொழிக்கு எவனாவது கை தட்டியிருக்கிறானா?