பிரிக்காத பொட்டலம்

சாமியிடம் கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுமா என்று கேட்கிறீர்கள், பிள்ளைகளா. அப்பாவுக்குத் தெரியாது. ஆனால் ஏழு வயதில் ஒரு தடவை சாமியின் பதிலை நானே என் கையால் எடுத்திருக்கிறேன்.

வில்லாபுரத்து அத்தையின் வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனவர், திரும்பவில்லை. லாரி மட்டும் எங்கோ ரோட்டோரம் நின்றதாம். போலீஸும் கையை விரித்துவிட்டது. வருஷங்கள் போயும் அத்தை பொட்டை அழிக்கவில்லை. அது யாருக்கும் உறுத்தவும் இல்லை, அவள் மகளுக்குக் கல்யாணம் பேசும்வரை. மணவறையில் அத்தை நிற்கலாமா, கூடாதா என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டுவிட்டார்கள்.

பெரியப்பா எங்களைக் கண்மாய்க்கரைக் கருப்பசாமி கோயிலுக்குக் கூட்டிப்போனார். பூக்கட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. சிவப்பு அரளி வந்தால் மாமா உயிரோடு இருக்கிறார். வெள்ளை வந்தால் இல்லை. பூசாரி இரண்டையும் வாழையிலைத் துண்டில் ஒரே மாதிரி மடித்து, குலுக்கி, சாமி காலடியில் போட்டார். கள்ளம் தெரியாத பிள்ளைதான் எடுக்கவேண்டும் என்று என்னை முன்னால் தள்ளினார்கள். கண்ணை மூடிக் கும்பிட்டு ஒன்றை எடுத்தேன்.

பெரியப்பா கை நீட்டுவதற்குள் அத்தை அதைப் பிடுங்கிக்கொண்டாள். காலடியில் கிடந்த மற்றதையும் எடுத்தாள்.

"பிரிம்மா. இன்னும் எம்புட்டு நாளைக்குத் தெரியாமலே இருப்ப?"

"தெரியாமத்தானண்ணே இருக்கேன். இருந்துட்டுப் போறேன்."

"சாமி மேல நம்பிக்கை இல்லையா ஒனக்கு?"

"இருக்கு. அதான் அவன் வாயப் புடுங்க மனசு வரல."

இரண்டு பொட்டலத்தையும் கண்மாய்த் தண்ணீரில் வீசிவிட்டாள்.

"கிறுக்கி. நாளைக்குச் சபையில எந்த மூஞ்சியோட நிப்ப?"

"இதே மூஞ்சியோடதாண்ணே."

நிற்க விடவில்லை. தெரியாது என்றால் இல்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்துவிட்டார்கள். சாமி சொல்லாததை அவர்களே சொல்லிவிட்டார்கள்.

கல்யாணத்தன்று மண்டபத்துச் சாமான் அறையில் அத்தை வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டு அப்படியே இருந்தது. வெளியே கெட்டிமேளம் முழங்கியது. அவள் கை ஒரு நிமிஷம் நின்று, அடுத்த வெற்றிலையை எடுத்தது.

எனக்கு என் கவலை. "நான் எடுத்தது எந்தப் பூ அத்தை?" என்றேன்.

"தெரியலய்யா."

அங்கே எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்க, அத்தை மட்டும் என்னிடம் மறைக்கிறாள் என்று நினைத்தேன். அவளோடு பேசாமல், பந்தியில் இடம்பிடிக்க ஓடிவிட்டேன்.