கியர்பாக்ஸுக்கு ஊட்டிய விபூதி

மூன்று வாரம் வீட்டில் இட்லி கிடையாது என்பதுதான் அந்தக் கார் விஷயத்தில் எனக்கு நேர்ந்த முதல் கஷ்டம். இட்லித் தட்டுகளை அப்பா செங்கம் ரோட்டில் இருந்த பெரியப்பாவின் மெக்கானிக் ஷெட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். காரின் கியர்பாக்ஸைப் பிரித்து, ஸ்பிரிங், இரும்புக் குண்டு, வாஷர் என்று கழற்றிய வரிசையிலேயே குழிக்கு ஒன்றாக அவற்றில் வைத்திருந்தார். அம்மா முணுமுணுத்தாளே தவிர, தட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்த வேலை அப்பாவுக்கு எவ்வளவு முக்கியம் என்று அவளுக்குத் தெரியும்.

முந்தின வருஷம் ஜாக்கி நழுவி அப்பாவின் வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கிப்போயின. விரல் தப்பித்தது, உணர்ச்சி திரும்பவில்லை. அதுவரைக்கும் கியர்பாக்ஸ் என்றால் அவர்தான். கீழ்பென்னாத்தூரிலிருந்தெல்லாம் தேடிக்கொண்டு வருவார்கள். அதற்கப்புறம் பெரியப்பா அவரைப் பஞ்சர் ஒட்ட உட்காரவைத்தார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, ஊரான் வண்டி, நாளைக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆனால் அந்த ஒரு வருஷம் அப்பா வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு பிசைகிற கையையே பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்.

ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருந்த வெள்ளைக்கார சாமியின் கார் அது. பச்சை நிறம், வயதில் சாமியைவிடக் கொஞ்சம்தான் சின்னது. அதன் கியர்பாக்ஸின் வாலில் இன்னொரு குட்டிப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பெயர் ஓவர்டிரைவ். நாலாவது கியரில் ஓடும்போது ஒரு சுவிட்சைத் தட்டினால் இன்ஜின் இரைச்சல் அடங்கிவிடும், வேகம் மட்டும் குறையாது. எல்லாம் கியர்பாக்ஸ் ஆயிலின் அழுத்தத்தில் நடக்கிற வேலை. அந்த ஆயில் வடிந்து வெளியேற ஊசிமுனை அளவுக்கு ஒரே ஒரு துவாரம். அந்தக் குட்டிப் பெட்டி கெட்டுப்போய், ஊரில் இருந்த மெக்கானிக் எல்லோரும் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா தொடுகிறேன் என்றார்.

பெரியப்பா அப்பாவின் கையைப் பார்த்தார். பிறகு, "இத்த ஓட்டிக் காட்டுடா, கியர் வேல பழையபடி உனக்குத்தான். ஓடலன்னா அந்தப் பேச்சே இனிமே எடுக்கக் கூடாது" என்றார். அப்பா தலையாட்டினார்.

பள்ளிக்கூடம் லீவு. மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் நான் அங்கேயே கிடந்தேன். வெளிநாட்டிலிருந்து பார்சலில் வந்த புது சாமான்களை அப்பா டீசலில் கழுவிய கழுவல் இருக்கிறதே, என்னைக்கூட அம்மா அப்படிக் குளிப்பாட்டியதில்லை. அந்தத் துவாரத்தை ஊதுவார், வெயிலுக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார், திரும்பவும் கழுவுவார்.

பெட்டியை மூடுகிற நாளும் வந்தது. எங்கள் ஷெட்டில் பெரிய வேலை முடிந்தால் கோயில் விபூதியை வண்டியின் நெற்றியில் மூன்று விரலால் இழுத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது வழக்கம். அந்த விபூதிப் பொட்டலம் என் கையில் இருந்தது. அப்பா ஆயில் ஊற்றிவிட்டுக் கை கழுவப் போனார். புனல் கியர்பாக்ஸின் வாயிலேயே செருகியிருந்தது.

நான் பெரிய மேதாவி. எனக்கு வயிற்றுவலி வந்தால் அம்மா நெற்றியில் பூசிவிட்டு, வாயிலும் ஒரு சிட்டிகை போடுவாள். நோவு உள்ளே இருக்கும்போது வெளியே பூசினால் மட்டும் எப்படி ஆகும்? அப்பா ஜெயிக்கணும் சாமி என்று சொல்லி, ஒரு கை விபூதியைப் புனலில் கொட்டினேன். ஆயில் அதை இழுத்துக்கொண்டது. மிச்சத்தை என் நெற்றியில் பட்டையாக அடித்துக்கொண்டு நல்ல பிள்ளையாக நின்றேன்.

அப்பா ஓட்டினார். பக்கத்தில் சாமி, பின்னால் பெரியப்பாவும் நானும். ஊரைத் தாண்டி ரோடு காலியானதும் சுவிட்சைத் தட்டினார். இரைச்சல் சட்டென்று அடங்கி, கார் வழுக்கிக்கொண்டு போனது. "அட்றா சக்க!" என்று பெரியப்பா முன்சீட்டைத் தட்டினார். பின்னாலிருந்து பார்த்த எனக்கு அப்பாவின் கன்னம் உப்புவது தெரிந்தது. ஒரு வருஷத்துக்கப்புறம் அவர் சிரித்தார். எல்லாம் என் விபூதி என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திரும்புவதற்காக சுவிட்சை அணைத்து, நிறுத்தி, ரிவர்ஸ் போட்டார். காலுக்கடியில் 'மடேர்' என்றது. அவ்வளவுதான். கார் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.

மணிலாக்கடலை மூட்டை ஏற்றி வந்த ஒரு டெம்போவில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். செங்கம் ரோட்டு டீக்கடைகளில் இருந்தவர்களெல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே பிரித்தார். துவாரம் அடைத்துக்கொண்டிருந்தது. ஆயில் வடிய வழியில்லாததால் சுவிட்சை அணைத்தும் ஓவர்டிரைவ் பிடித்த பிடியை விடவில்லை. அந்த நிலைமையில் ரிவர்ஸ் போட்டதில் உள்ளே இருந்த உருளைகள் நொறுங்கிவிட்டன. அடைத்திருந்த சாம்பல் நிறச் சேற்றை அப்பா உணர்ச்சியுள்ள இடது கையால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்தார். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், என் நெற்றியை.

"இன்னாடா அது?" என்றார் பெரியப்பா.

அப்பா விரலை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டார். "அழுக்குண்ணா. நான்தான் சரியா கழுவல. விரல் மரத்துப் போயிருக்கில்ல, தெரியல."

பெரியப்பா வெளியே போனார். சாமி அப்பாவின் தோளில் கைவைத்துத் தமிழில் "பரவாயில்லை" என்றார். எனக்கோ, அப்பாடா, மாட்டிக்கொள்ளவில்லை என்று மூச்சு வந்தது. ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அதற்கப்புறம் அப்பா கடைசிவரை பஞ்சர்தான் ஒட்டினார். கியர் பேச்சை எடுக்கவே இல்லை. நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார்.

அந்தக் கார் நின்றுபோனதற்கு மறுநாள் காலையில் என்ன நடந்தது என்பதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. அப்பா என்னை வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் நிற்கவைத்து என் நெற்றியில் விபூதி பூசினார். பிறகு, "வாயத் தொற" என்று சொல்லி, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு சப்புக்கொட்டினேன். போட்டது அந்த மரத்துப்போன வலது கைதான். ஒரு துளிகூடக் கீழே சிந்தவில்லை.