சென்றியில் பறிபோன நினைவகம்

விரல் நீளப் பச்சைத் தகடுகள் ஆறு. சென்றியில், அதுதான் இராணுவச் சோதனைச் சாவடியில், நின்ற சிப்பாயின் உள்ளங்கையில்தான் அவற்றைக் கடைசியாகக் கண்டேன். "மாத்தயா, இது பிள்ளையளின்ர படிப்புச் சாமான்" என்று அவனைச் சிங்களத்தில் ஐயாவென்று கூப்பிட்டு, கணினி வகுப்பு ரீச்சர் கெஞ்சினார். அவன் அவற்றை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டான். கணினியின் நினைவகத்துக்கும் வெடிகுண்டுக்கும் என்ன உறவென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிள்ளைகளே, அந்த யுத்த காலத்தில் நான் மன்னாரில் ஒரு கணினி வகுப்பின் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஆறு பழைய கணினிகள். பிள்ளைகள் எழுதும் சோதனைக்குரிய படம் வரையும் மென்பொருளைத் திறந்தால் நினைவகம் போதாமல் ஆறும் உறைந்துபோகும்; அதற்குத்தான் அந்தத் தகடுகளை ரீச்சர் கொண்டுவந்தார். அவை பறிபோன மறுநாளே சோதனை. தவறினால் அடுத்த வருடம்தான், அதுவும் பாதை திறந்திருந்தால். ஓலைத்தொடுவாயிலிருந்து வந்த பிள்ளை ஒருத்திக்கு அந்தச் சான்றிதழை நம்பித்தான் ஒரு கந்தோரில் வேலை சொல்லி வைத்திருந்தார்கள்.

ரீச்சர் அழவில்லை. "மேசை சின்னனெண்டால் அலுமாரியில ஒரு தட்டை ஒதுக்கி அதிலயும் சாமான் வைக்கிறேல்லையா அண்ணை? அதுதான் செய்யப்போறன்" என்றார். வன்தட்டில் இடம் ஒதுக்கி, அதையும் நினைவகம்போலப் பாவிக்கச் சொல்வதாம். அதற்கு மெய்நிகர் நினைவகம் என்று பெரிய பெயர். ஒவ்வொரு கணினியிலும் கையால் மாற்ற நேரமில்லை. டீசல் அளந்துதான் கிடைக்கும். ஆகவே அந்த ஒதுக்கீட்டைத் தானாகவே மாற்றும் நிரல் ஒன்றை எழுதிப் பிளொப்பியில் போட்டுக்கொண்டு காலையில் வந்தார். கடைசிக் கணினியிலும் அதை ஓட்டி முடிக்க, கொழும்பிலிருந்து வந்த பரீட்சகர் உள்ளே நுழைந்தார்.

"சேர், ஒருக்கா நிப்பாட்டித் திருப்பிப் போட்டால்தான் மாத்தினது வேலை செய்யும்."

"மாத்தினதோ? ஆரைக் கேட்டு மாத்தினீங்கள்? சோதினை தொடங்கியாச்சு. ஒருத்தரும் கொம்பியூட்டர் சுவிச்சில கை வைக்கக் கூடாது!"

நான் யன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். உள்ளே திரைகள் ஒவ்வொன்றாக உறைந்தன. ஓலைத்தொடுவாய்ப் பிள்ளை விசைப்பலகையில் வைத்த கையை எடுக்காமல் ரீச்சரையே பார்த்தாள். சென்றியில் ஒருவன் பறித்தான். மிச்சத்தை இந்த மனிதர் பறிக்கிறார். கணினிச் சுவிச்சைத்தானே தொடக் கூடாது என்றார்? நான் கொட்டிலுக்குள் போய் ஜெனரேட்டரை நிறுத்தினேன்.

"என்னப்பா, கரண்ட் போச்சா?" என்று பரீட்சகர் கத்தினார்.

"மன்னார்தானே சேர், போகும் வரும்" என்றேன்.

திரும்ப இயக்கியதும் ஆறு கணினிகளும் எழும்பின. மென்பொருள் திறந்தது. மெதுவாகத்தான், ஆனால் ஒன்றும் உறையவில்லை. பிள்ளைகள் எல்லாரும் படத்தை வரைந்து முடித்தார்கள்.

புறப்படும்போது பரீட்சகர் சிரித்தார். "பாத்தீங்களா ரீச்சர்? உங்கட நோண்டல் ஒண்டும் தேவைப்படேல்லை."

"ஓம் சேர்" என்று தலையாட்டினார் ரீச்சர்.

ஆறு பேரும் சித்தியடைந்தார்கள். அதில் எனக்குச் சந்தோசம்தான். ஆனாலும் அந்த "ஓம் சேர்" என்னை இன்னும் விடவில்லை. எங்கள் பிள்ளைகள் ஒரு சோதனை எழுதுவதற்கு, இருந்த கொஞ்ச வெளிச்சத்தையும் நாங்களே அணைக்க வேண்டியிருந்ததே! அதைக்கூட மறைத்து, தலையாட்டி, வழியனுப்பி வைக்க வேண்டியிருந்ததே!