கிளிப்பச்சைப் பாவாடை, மயில்கண் கரை

எனக்கு மைக் வேண்டும், அவ்வளவுதான். சேவை, புண்ணியம் எல்லாம் பெரியவர்கள் பேச்சு. பதினோரு வயதில் நான் தொண்டு செய்யப் போனது மைக்குக்காக.

கருட சேவை அன்று சின்ன காஞ்சிபுரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. கூட்டத்தில் தொலைந்துபோகும் குழந்தைகளை வைத்துக்கொள்ள எங்கள் தெரு இளைஞர் மன்றம் ஒரு கீற்றுப் பந்தல் போடும். அதை நடத்தியது என் பெரியப்பா மகள். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். மன்றத்து ஆண்களெல்லாம் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு சாமி பக்கத்தில் கயிறு பிடிப்பார்கள். அழுகிற குழந்தைக்கு மூக்குத் துடைக்க ஒருவனும் வரமாட்டான். அக்காதான் துடைப்பாள்.

நான் தெருவுக்கே தெரிந்த சண்டைக்காரி. வீட்டில் மூன்று தறி. அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே என் தொண்டை வளர்ந்திருந்தது. எல்லோரும் வாயை மூடு என்று சொன்ன காலத்தில் அக்கா மட்டும் வந்து அம்மாவிடம் கேட்டாள்.

"சித்தி, இவள என்கூட அனுப்பு. மைக் ரிப்பேர் ஆனாக்கூட இவ போதும்."

அன்றைக்கே அவளுக்கு அடிமையாகிவிட்டேன்.

விடிவதற்குள் பந்தலில் இருந்தேன். அக்கா ஒரே ஒரு சட்டம் போட்டாள்.

"கொழந்த பேர மைக்ல சொல்லாத. போட்டுக்கினு இருக்குற துணியயும் சொல்லாத. 'ஒரு பெண் கொழந்த இருக்குது, வந்து பாருங்க', அவ்ளோதான்."

"ஏங்க்கா?"

"சொன்னத செய்டி."

முதல் இரண்டு குழந்தைகளுக்கு அப்படியே செய்தேன். சப்பென்று இருந்தது. மூன்றாவதாக ஒரு போலீஸ்காரர் நாலு வயதுப் பெண்ணைத் தூக்கிவந்து விட்டுப் போனார். பேர் நித்யா என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அக்கா அதன் கையில் ஒரு பன்னைக் கொடுத்துவிட்டு, தண்ணீர் கொண்டுவரப் போனாள். மைக்கும் நானும் தனியாக.

அந்தப் பாவாடையைப் பார்த்துவிட்டு நெசவுக்காரன் மகளால் எப்படி வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்?

"கேட்டுக்கோங்க! பேரு நித்யா! நாலு வயசு! கிளிப்பச்ச பட்டுப் பாவாட, அரக்குல மயில்கண் கர, ஒரிஜினல் ஜரிக! கால்ல வெள்ளிக் கொலுசு!"

சன்னதித் தெரு முழுக்க என் குரல். உடம்பு சிலிர்த்துப் போனது. வாசலில் நின்ற தறிக்காரர் ஒருவர் சிரித்தார். "இன்னாம்மா, கொழந்தைய தேடுறியா, பாவாட விக்கிறியா?" அந்தச் சிரிப்பில் இன்னும் இரண்டு முறை கத்தினேன்.

ஐந்தே நிமிடத்தில் ஒரு பெண் ஓடிவந்தாள். "என் பொண்ணு நித்யாமா! கிளிப்பச்ச பாவாட, கொலுசு போட்டுக்கினு இருந்துச்சு!" எல்லாம் சரியாக இருந்தது. நான் பெருமையோடு குழந்தையைத் தூக்கி நீட்டினேன். அவள் கை குழந்தையின் இடுப்பில் பட்டபோது குடத்தோடு அக்கா உள்ளே வந்தாள். குடத்தை வைத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கக்கா. பாப்பா எந்தக் கைல சாப்பிடும்?"

"இது இன்னா கேள்வி? சோத்துக் கைலதான்!"

குழந்தை இடது கையில்தான் பன்னைப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது. அதற்காகக் கொஞ்ச நேரம் முன்பு நான் அதை அதட்டியும் இருந்தேன். அக்கா பன்னைப் பிடுங்கி வலது கையில் வைத்தாள். குழந்தை உடனே அதை இடது கைக்கு மாற்றிக்கொண்டது. "வூட்டுக்காரர கூட்டியாறேன்" என்று அந்தப் பெண் கூட்டத்தில் இறங்கினாள். திரும்பி வரவேயில்லை.

உண்மையான அம்மா தலைவிரி கோலமாக வந்தாள். பேர் சொல்லவில்லை, நிறம் சொல்லவில்லை, வாயே எழவில்லை. குழந்தை தாவிப் போய் ஒட்டிக்கொண்டது. அவள் அதன் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, பிறகு விடாமல் முத்தம் கொடுத்தாள்.

விஷயம் தெரிந்து மன்றத் தலைவர் வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"எவ அது, கொழந்தைய ஏலம் வுட்டது?"

"நான்தாண்ணா" என்றாள் அக்கா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தியது நான்! தெருவே கேட்டது என் குரலை! அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்கிறாளே! "இல்ல, நான்தான்..." என்று ஆரம்பித்தேன். அக்கா என் வாயில் ஒரு முழுப் பன்னைத் திணித்தாள். அவள் மூச்சுக் காற்றில் பேசியது எனக்கு மட்டும் கேட்டது. "ஏன்னு உனக்குச் சொல்லாம வுட்டது என் தப்புடி."

எனக்கு அது புரியவில்லை. வீடு வரைக்கும் அவளை விட்டுப் பத்தடி முன்னாலேயே நடந்தேன்.

இன்று ரயில் நிலையத்தில், தனியாக வந்து சேரும் குழந்தைகளுக்கான உதவி மேசையில் வேலை பார்க்கிறேன். பேரும் நிறமும் ஒப்பிக்கிறவர்களிடம் ஒப்பிக்க முடியாத ஒன்றைக் கேட்கிறேன். என்னை முறைத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. போகட்டும்.

அந்தக் கருட சேவைக்கு அடுத்த வருஷம் பந்தலில் அக்கா இல்லை. மன்றத் தலைவர் அவளை மூன்று தெரு தள்ளி, கூட்டத்துக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்கத் தொட்டியருகே நிறுத்தியிருந்தார். மைக் என்னிடம் வந்தது. குதித்துக்கொண்டு அவளிடம் ஓடினேன்.

"பாத்தியா? இந்த வருஷம் நான்தான்!"

சேலையெல்லாம் நனைந்து நின்றவள் சிரித்தாள். "ஆமாண்டி, நீதான். சீக்கிரம் ஓடு, அங்க எந்தக் கொழந்த அழுதுக்கினு இருக்குதோ." ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, அவளை ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில், திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.